அண்ணனுக்கு வந்த மோச்சி

போன ஞாயிறு ஓய்வு நாள் என்று நினைத்திருந்தேன். யார் விட்டார்கள்?

ஜப்பானில் இருக்கும் அண்ணன் மகள் கவிதா, லீவில் வந்த தோழியிடம் ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கி, தெமோதரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஏற்றத்தில் மூச்சு வாங்கி அண்ணன் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தைச் சேர்ந்தபோது எனக்கே ஒரு கட்டில் தேவைப்பட்டது. இருந்த ஒரே கட்டிலில் அண்ணன் கிடந்தார். பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருக்கு அதுதான் உலகம்.

பார்சலில் மோச்சி. பசையரிசியை அவித்து, இடித்துச் செய்கிற ஜப்பான் இனிப்பு. கொழுக்கட்டை மாதிரி உள்ளே பயற்றுப் பூரணம். மேல்மாவு மட்டும் ரப்பராக இழுக்கிறது.

"குடு" என்றார் அண்ணன். கோணிய வாயில் ஒரு சொல் வரவே அவர் பாடுபட வேண்டும்.

அண்ணி ஊட்டப் போனார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கவிதாவின் வீடியோ கோல்.

"அம்மா, அது ஒங்களுக்கு. அப்பாவுக்குக் குடுத்துறாதீங்க. தொண்டையில ஒட்டிக்கிட்டா மூச்சு நின்னுரும். இங்க வயசானவங்களுக்குக் குடுக்கவே நாங்க பயப்படுவோம்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் அனுப்பியது, தனக்கில்லையாம். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கவிதா அங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அப்பா திரும்பிக்கொண்டதைத் திரையில் பார்த்துவிட்டாள். பிறகு குரல் மாறியது... டியூட்டிக் குரல்.

"சித்தப்பா, அப்பாவ நிமித்தி உக்கார வைங்க. மேல்மாவ எடுத்துருங்க. உள்ள இருக்க பயறு மட்டும், கரண்டி நுனியில. தல லேசா குனிஞ்சிருக்கட்டும். முழுங்கிட்டாரா? தொண்டையப் பாருங்க. ம்... இப்ப அடுத்தது."

நான் ஊட்டினேன். அவள் அங்கிருந்து விழுங்க வைத்தாள். இருமல் வரவில்லை. அண்ணன் கண்ணில்தான் நீர் வந்தது.

நல்ல தேயிலை கப்பலேறும், தூசித்தூள் நமக்கு — இது நமக்குப் பழகிப்போன விஷயம். இப்போது பிள்ளைகளின் பணிவிடையும் அப்படித்தான் போகிறது. யாரைக் குறை சொல்வது? அவள் போகாவிட்டால் அண்ணனுக்கு மருந்தே கிடையாது. யோசித்தாலே அலுப்பாக இருக்கிறது.

அங்கே மணி ஒலித்தது.

"நான் சொல்வேன்ல, அந்தத் தாத்தா கூப்பிடுறாரு. அவருக்குச் சாப்பாடு ஊட்டணும்... வச்சிர்றேன்."

போன் அணைந்தது. அண்ணன் திக்கித் திக்கிக் கேட்டார். "அந்தாளுக்கு... புள்ளைங்க இல்லியா?"

"இருக்காங்களாம். தூரத்துல வேலையாம்" என்றார் அண்ணி.

ஒதுக்கி வைத்த மேல்மாவை என் வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு எந்த வாதமும் இல்லை... ஆனாலும் விழுங்க முடியவில்லை.