“இன்னைக்கு இறங்குன மீனுண்ணே!”

ஜவுளி மொத்தக் கடையில் வெளியூர் வியாபாரிகளைக் கவனிக்கிற வேலை பாதி துணியில், பாதி இலையில். துணியை முதலாளி பார்த்துக்கொள்வார். இலையில் விழுவதற்கு நான்தான் ஜவாப்தாரி. மதுரையில் விருந்தாளிக்குக் கடல் மீன் தேடி அலைந்தவர் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் சங்கடம் நமக்குத்தான் தெரியும்.

தூத்துக்குடி அண்ணாச்சி எங்கள் கடைக்குப் பெரிய புள்ளி. போன தடவை நான் வாங்கிக் கொடுத்த மீன் அவர் வயிற்றைக் கலக்கிவிட, கொள்முதலைப் பாதியில் விட்டு ரயிலேறிவிட்டார். தீபாவளிச் சரக்கெடுக்க மறுபடி வருகிறார் என்றதும் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்தத் தடவையும் அவரு வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சு, நீ திருமங்கலத்துக்கே மாடு மேய்க்கப் போயிரு தம்பி.”

மூக்கால் வந்த வினை

திருமங்கலத்துக்காரனுக்கு மீன் என்றால் கண்மாய் மீன்தான். கெளுத்தியும் விராலும் தெரியும். கடல் மீனில் நல்லது கெட்டது எனக்கு எப்படித் தெரியும்? மூக்கை நம்பினேன். மாசி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, குழம்புச் சட்டிமேல் குனிந்து மோந்து பார்த்தேன். வறுவலைப் புரட்டிப் பார்த்தேன். செவுளைக் காட்டச் சொன்னேன்.

கடைக்காரர் முகம் மாறியது. நாற்காலியைத் துண்டால் துடைத்து என்னை உட்கார வைத்தார். கேட்காமலே கறி வந்தது, முட்டை வந்தது, மீன் மட்டும் வரவில்லை. நான் அவரைச் சந்தேகப்பட்டதைவிட அவர் என்னை அதிகமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார். கை கழுவும்போது காதோடு சொன்னார்: “முனிசிபாலிட்டி ஆளுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா அந்த மீனை அடுப்புலயே ஏத்தியிருக்க மாட்டேனே, சார்!”

எதிலிருந்து இறங்கியது?

ரயிலடிப் பக்கம் ஒரு கடையில், “இன்னைக்கு இறங்குன மீனுண்ணே!” என்று ஒருவர் தெருவுக்கே கேட்கும்படி கூவிக்கொண்டிருந்தார். கடற்கரையில் இறங்கிய மீன் என்றால் படகிலிருந்து இறங்கியது என்று அர்த்தம். கிடைத்துவிட்டது என்று உள்ளே போனேன். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. எதிலிருந்து இறங்கியது என்று கேட்டேன்.

“ரயிலுலருந்துதாண்ணே. மதுரையில வேற எதுலருந்து இறங்கும்?” என்றார். சரி, ரயிலில் என்றைக்கு ஏறியது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அது என்னைக்கு ஏறுச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? நானா டிக்கெட்டு கிழிச்சேன்?”

இல்லை என்றவர்

காஜிமார் தெருப் பக்கம் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மூன்று நாள் போய்க் கேட்டேன். மூன்று நாளும் ஒரே பதில்: “கடல் மீன் இல்ல தம்பி, கம்மா மீனுதான்.” ஊரே இருக்கிறது என்று கூவும்போது ஒருவர் மட்டும் இல்லை என்றால் என்ன நினைப்பது? நல்ல மீனை வேண்டியவர்களுக்காக ஒளித்துவைக்கிறார் என்றே முடிவு கட்டினேன். அதை அவரிடம் கேட்டும் விட்டேன்.

பாய் கோபப்படவில்லை. கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அடுப்படிக்குள்ள வந்து நீங்களே தேடிக்கங்க தம்பி. நாத்தம் அடிக்கிற சாமானை எம்புட்டு நாளைக்கு ஒளிச்சு வைக்க முடியும்?”

ஒரு தபால் கார்டு

இதற்குள் அண்ணாச்சியிடமிருந்து கார்டு வந்தது. “நல்ல சீலா பார்த்து வைக்கவும். புதிதாக இருக்கவேண்டும். நாள்பட்டது என்றால் தொட மாட்டேன்.” முதலாளி சிரித்தார். “சீலைங்கிறதைப் பேச்சுவாக்குல சீலான்னு எழுதிப்புட்டாரு” என்று, சாயம் புதிதாக ஏறிய சுங்குடிச் சீலைகளாகப் பொறுக்கி எடுத்து அடுக்கவைத்தார். கார்டில் மீன் பேச்சே இல்லை என்று எனக்கும் நிம்மதி. மதுரை முழுவதையும் சந்தேகப்பட்ட நான், அந்த ஒரு எழுத்தைச் சந்தேகப்படவில்லை.

அண்ணாச்சி பசியோடு வந்து இறங்கினார். “சீலா எங்க?” என்றார். முதலாளி பெருமையாக அடுக்கைக் காட்டினார். நாம் வஞ்சிரம் என்கிற மீனுக்குத் தூத்துக்குடியில் சீலா என்று பெயராம். அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி ஒரு சேலையைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். “இதைக் கொழம்பு வச்சுத் திங்கச் சொல்லுதீராவே?”

இலை

உச்சி வெயில். முதலாளியின் முறைப்பு முதுகில் சுட்டது. வேறு வழி தெரியாமல் குதிரை வண்டி பிடித்து அண்ணாச்சியைப் பாய் கடைக்கே கூட்டிப் போனேன். இன்றைக்கு மட்டுமாவது இருக்கிறது என்று சொல்லிவிடு பாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அண்ணாச்சி கேட்டார். பாய் அசையாமல் சொன்னார், “சீலா இல்லைங்க. கம்மா விராலு இருக்கு. காலையில உசுரோட வந்துச்சு.” என் கண்முன் திருமங்கலத்து மாடுகள் வரிசையாக நின்றன.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கினார். சாயங்காலம் அந்தச் சீலை அடுக்கு மொத்தமும், அதோடு தீபாவளிச் சரக்கும், தூத்துக்குடிக்குக் கட்டானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீலா இல்லாத கடையில் எப்படி உட்கார்ந்தீர்கள் என்று ரயிலடியில் கேட்டேன். அவர் சொன்னார்: “மூணு வருசமா இந்த ஊர்ல மீன் கேக்கேன், இல்லேன்னு சொன்ன மொத ஆளு அவருதான்வே.”

இந்தக் கதையை நான் நாலு பேரிடம் சொன்னதுதான் தாமதம், ரயிலடிக் கடைக்காரர் “இன்னைக்குக் கடல் மீன் இல்லண்ணே!” என்று தெருவுக்கே கேட்கும்படி கூவ ஆரம்பித்துவிட்டார்.