கைப்பிடி ஒட்டியவனுக்குக் கைப்பிடி பழகிய கதை

"ஓட்டல் வேலைய எப்படிப்பா கத்துக்கின?" என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

விருத்தாசலத்தில் நான் இருந்த பீங்கான் பட்டறையில், கப்புக்குக் கைப்பிடி ஒட்டுவதுதான் என் வேலை. சூளைக்குப் போகாத கப் வெறும் மண். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும். அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் அப்படியே எடுத்துப் பழகிய கை இது.

பட்டறையை மூடிவிட்டார்கள். மற்ற இடங்களிலும் ஆள் எடுக்கவில்லை. திருப்பூரில் வேலை இருந்தது. போனால் உங்களை விட்டுவிட்டுத் தனியாகத்தான் போக வேண்டும். அந்த நேரத்தில்தான் வேப்பூர் ஹைவேயில் ஓட்டல் நடத்தும் ஒரு அக்கா, சப்ளைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் பஸ் ஏறினேன்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு ஈடு குடுத்தா இரு தம்பி. இல்லன்னா மனசுல ஒன்னும் வச்சிக்காத" என்றார்.

முதல் டீயை ஒரு லாரி டிரைவருக்கு எடுத்துப் போனேன். இரண்டு கையாலும் அடியில் ஏந்தி, மெதுவாக.

"என்னாண்ணே, டீ கொண்டாறியா, கோழிக்குஞ்சு கொண்டாறியா?" என்றார் அவர். கடையே சிரித்தது.

அக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்பா, கைப்பிடி எதுக்கு இருக்குது, அழகுக்கா?"

"இத ஒட்டற வேலைதாங்கக்கா பாத்தேன். புடிச்சித் தூக்கிப் பழக்கமில்ல."

அதற்கும் ஒரு சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் டீச் சூட்டில் உள்ளங்கை கன்றிப் போனது. ஒவ்வொரு கப்பாகப் போனதால் மேசைகள் காத்துக்கிடந்தன. கைப்பிடியைத் தொட்டாலே விரல் தானாக விலகியது.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பட்டறையில் எனக்கு அந்தப் பக்கம், சுட்ட கப்புகளைச் சூளையிலிருந்து இறக்குபவர்கள் இருந்தார்கள். வெந்த கப்புகளை விரலுக்கு ஒன்றாகக் கோத்துக் கொத்தாகத் தூக்குவார்கள். தினமும் பார்த்ததுதான். அது அவர்கள் வேலை என்று விட்டிருந்தேன். இனி அது என் வேலை. வெந்த கப்பில் கைப்பிடி கழன்று வராது, பயப்பட என்ன இருக்கிறது?

வந்ததும் நம் வீட்டுக் கப்புகளில் தண்ணீர் ஊற்றி, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

"இருக்கற கப்பயும் ஒடச்சிட்டா, நாளைக்கு கையிலயா ஊத்திக் குடிக்கறது?" என்றாள் உங்கள் அம்மா. சொன்னவளே எதிரில் வந்து இடித்து, "இப்புடித்தான் இடிப்பாங்க, புடி" என்றாள். ஒவ்வொரு கப்பை எடுக்கும்போதும் "வெந்தது, வெந்தது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சொல்லாமலே விரல் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஒரு கையில் மூன்று, மறு கையில் மூன்று என்று கொண்டுபோய் வைத்தேன். நடுவில் ஒன்று நழுவி உடைந்தது. பெருக்கித் தள்ளிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

கூட்டம் கலைந்ததும் அக்கா கூப்பிட்டார். "வாரத்துல ஒரு நாள் லீவு. எந்தக் கெழம வேணும்? ஞாயித்துக்கெழம மட்டும் கேக்காத."

"செவ்வாய்க்கெழம குடுங்கக்கா" என்றேன்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை காலையில் உங்களை ஸ்கூலில் கொண்டுவிடுவது நான்தான்.