சொந்தக்காரர் அல்லாத ஒருவர் தேவை

வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவதற்கு இதை எழுதுகிறேன்.

முந்தநாள் காற்று மாறியதைக் கண்டு, எழுவைதீவுக்குப் போகாமல் பாதிவழியில் நான் ஓட்டும் லாஞ்சுப் படகைத் திருப்பிவிட்டேன். அது குற்றமாம். இன்று காலை லாஞ்சுக் கந்தோரில் மனேச்சர் முன் விசாரணை. வேலையே போகலாம்.

விசாரணைக்குத் தொழிலாளர் சங்கத்து ஆள் ஒருவரைக் கூட்டி வரலாம் என்று போன மாதம்தான் மனேச்சர் சம்மதித்திருந்தார். ஆகவே எங்கள் செயலாளர் செல்லத்துரையரோடு போனேன். தனியாகப் போயிருந்தால் வாசலிலேயே விழுந்திருப்பேன்.

மனேச்சர் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவர் உமக்கு என்ன முறை?"

"அக்காவின்ரை புருசன், ஐயா." பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"சொந்தக்காரர் உமக்காகக் கதைக்க ஏலாது. வேறை ஆளைக் கொண்டு வாரும்."

செல்லத்துரையர் அசையவில்லை. "ஐயா, உங்கடை மாமியும் இவன்ரை பெரியம்மாவும் கூடப்பிறந்த ஆக்கள். சொந்தக்காரர் கதைக்க ஏலாதெண்டால், சொந்தக்காரர் விசாரிக்கலாமோ?"

மனேச்சரின் முகம் சிவந்தது.

"திங்கட்கிழமை வாரும். சொந்தமில்லாத ஆளோடை வாரும், இல்லாட்டித் தனிய வாரும்."

தனியாக அந்த அறைக்குள் போக என்னால் முடியாது. சங்கத்தில் இருந்துகொண்டு எனக்கு எந்த முறையும் இல்லாதவர் இந்தத் தீவில் யாராவது இருந்தால், கீழே பெயர் எழுதுங்கள்.

இதை எழுதி முடிப்பதற்குள் இருவர் முன்வந்துவிட்டார்கள். ஒருவர் என் மச்சான். மற்றவர் என் மாமனார்.