எண்ணெய்த் தலையோடு மகளின் அறைக்குள்

அருவிக் குளியல் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரரைத் திருநெல்வேலியில் காலை ரயிலில் ஏற்றினேன். முழுப் பொய் இல்லை, பாதிப் பொய். மகள் பேங்க் வேலையை உதறிவிட்டுக் கலை, கலை என்று போனதிலிருந்து இரண்டு வருடமாக அவளோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் ஒரு பழைய ரைஸ்மில்லை இந்தக் காலத்துக் கலைக்கான அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அதில் ஓர் அறை முழுக்க அவள் செய்தது. அவள் கண்காட்சிக்கு அன்று கடைசி நாள். "அப்பா ஒரு தடவை வந்து பாத்தா போதும்மா" என்று போனில் அழுதாள். பெற்ற வயிறு கேட்குமா?

தென்காசியில் இறங்கும்போதே சாரல். மேகம் கூரை வரை இறங்கி, மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தூக்கத்தில் நடப்பது மாதிரியே குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். இவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார், போலீஸ் விசில் ஊதிவிட்டார்கள். வெள்ளம், குளிக்கத் தடை. தேய்ப்பதற்கு முன்னால் ஒருதரம் அருவியை நிமிர்ந்து பார்க்கக் கூடாதா மனுஷன்? மேலகரத்தில் பிறந்தவர். அருவி தனக்காகக் காத்திருக்கும் என்று நினைப்பு.

"எண்ணெயோட எப்படி ரயில் ஏறுவீங்க? உங்க மக இடம் பக்கத்துலதான். அங்க குழாய் இருக்கும், வாங்க."

முறைத்தார். ஆனால் தேய்த்த எண்ணெயைக் குளிக்காமல் விடுவது அவருக்கு இலை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்திருப்பது மாதிரி. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மில்லுக்குள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஓர் இடத்தில் நெல்மணிகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றே இல்லை, ஆனாலும் மெல்ல ஆடின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். அங்கேயே நின்றுவிடலாம் போல இருந்தது.

கடைசி அறைதான் அவளுடையது. அரை இருட்டில், கறுத்த பாறை மேல் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் ஒரு மூலையில் நின்றாள். இவர் அவளைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். நான் கண்மூடித் திறப்பதற்குள் சட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, உள்ளே போய்த் தலையைக் கொடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி! குளிக்கதுக்கு இல்ல அண்ணாச்சி!" காவலாளி ஓடி வந்தார். பார்க்க வந்தவர்கள் இதுவும் கலைதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஐயோ, எனக்கு மானம் போயிற்று. மகள்தான் கை நீட்டிக் காவலாளியைத் தடுத்தாள்.

அருவியில் பாறையோரக் கம்பியைப் பிடித்து நிற்கும் பழக்கத்தில் அவர் கம்பியைத் தேடினார். கம்பி இருந்தது. அவர் தலைக்கு மேல், கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில்.

"எந்த மடப்பய கம்பிய இம்புட்டு உயரத்துல வச்சான்?"

"நாந்தாம்ப்பா." என்றாள் மகள். "அஞ்சு வயசுல உங்ககூட ஆம்பளையாளுக பக்கம் குளிச்சேம்லா, அப்ப எனக்கு அப்படித்தான் இருந்துது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கம்பியையே அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப எதப் பிடிச்சிக்கிட்டு நின்ன?"

இரண்டு வருடத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"உங்க கால."

அருவியில் அடுத்த ஆளுக்கு இடம் விடுவது போல அவர் ஓரமாக நகர்ந்து நின்றார்.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? வா."

அவள் போட்ட துணியோடு போனாள். காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். சட்டையை முகத்தோடு அழுத்திக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

"விசில் கிசில் ஊதிராதீங்க அண்ணாச்சி" என்றேன்.