தபால்காரம்மாவின் நாட்காட்டி வட்டங்கள்

மார்ச் 3. டாக்டர், 300. வளையம், 1,150.
மார்ச் 24. மறுபடியும் டாக்டர், 300. களிம்பு ஒரு குழாய், 420.
ஏப்ரல் 6. பழைய சக்கரம் இரண்டு, 260.
ஏப்ரல் 9. தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பம், பதிவுத் தபால், 42.

ஐம்பத்தோரு வயதுத் தபால்காரம்மா ஒருவர் பட்ட பாடும் போட்ட ஆட்டமும் இந்த நாலு வரிக்குள் அடக்கம்.

அவர் நடக்கும் தடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், பதினோரு மாடிப்படிகள். தோள்பை பதினான்கு கிலோ. இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்தே கர்ப்பப்பை சற்றுக் கீழிறங்கித்தான் இருந்தது. மாதத்தில் மூன்று நாலு நாள் அடிவயிறு கனக்கும், பிறகு சரியாகிவிடும். மாதவிலக்கைப் பெருக்கல் குறியாலும் கனத்த நாளை வட்டத்தாலும் சமையலறை நாட்காட்டியில் குறித்துவந்தார். யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் வட்டம் பத்தொன்பது ஆனது. அதைப் பால் வராத நாள் கணக்கு என்று நினைத்துக்கொண்ட, அதே வீட்டில் இருக்கும் நாத்தனார், காலையில் வாசலிலேயே பால்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மாசத்துல பத்தொன்பது நாள் பால் போடலை! மனசாட்சி இருக்கா உனக்கு?"

"அம்மா, இன்னிக்குப் போட்ட பால் உங்க கையிலதான் இருக்கு!"

உள்ளே தபால்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, சிரிக்க வைக்காதேடி, இறங்குது!"

"என்ன அண்ணி இறங்குது?"

அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. வேறு வழியில்லாமல் அஞ்சலக அதிகாரியிடமும் சொல்லவேண்டியதாயிற்று. அவர் நல்ல மனிதர். "அப்ப நடக்காதீங்கம்மா. உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்துங்க," என்றார். ஜன்னலே இல்லாத அந்தப் பின்னறைக்குப் போகத் தபால்காரம்மாவுக்கு மனமில்லை. தெருவில் நடப்பதற்காகவே அந்த வேலைக்கு வந்தவர் அவர்.

டாக்டரம்மா உள்ளே ஒரு ரப்பர் வளையம் பொருத்தினார். அது கர்ப்பப்பையைத் தாங்கியது, ஆனால் உரசி எரிந்தது. இரண்டாவது முறை போனபோது நாத்தனார் நாட்காட்டியையே ஆணியோடு பிடுங்கி, அடியில் தொங்கிய போன வருடத்து நாட்காட்டியோடு எடுத்து வந்துவிட்டார்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "பாருங்க, போன வருஷம் வட்டமெல்லாம் பெருக்கலுக்கு முந்தின சில நாள்லதான் கூட்டமா நிக்குது. அப்ப ஹார்மோன் ஏறி இறங்கும், கீழே கனம் கூடுதலாத் தெரியும். இப்ப அஞ்சு மாசமாப் பெருக்கலையே காணோம். ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு உள்தோல் மெலிஞ்சு காய்ஞ்சிருக்கு. அதான் கனமும் கூடிச்சு, வளையமும் உரசுது."

"அப்ப தபால் பை காரணமில்லையா?" என்றார் தபால்காரம்மா.

"பையும் லேசுப்பட்டதில்ல. ஆனா பழியை முழுசா அதுமேல போடாதீங்க. எடை தோள்ல வேணாம், அவ்வளவுதான்."

"பால்காரர்?" என்றார், பால் சண்டையை முன்பே டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்த நாத்தனார், தயங்கியபடி.

"அவர் நிரபராதி!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் கதவைத் திறந்து பார்த்தார்.

ஈஸ்ட்ரோஜன் களிம்பு கர்ப்பப்பையை மேலே தூக்காது, உள்தோலைத் தேற்றும், வளையம் உறுத்தாமல் உட்காரும் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். கீழ்த்தசையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தும் பயிற்சியும் கொடுத்தார். தபால்காரம்மா அதை வாசலுக்கு வாசல் நின்று செய்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தச்சரான கணவர் பைக்குச் சக்கரம் பூட்டினார். மாடி வந்தால் பையைக் கீழே நிறுத்திவிட்டு, வேண்டிய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினார். மே மாதத்தில் வட்டம் நாலு.

சக்கரப் பையோடு தடத்திலேயே நீடிக்க அனுமதி கேட்டுத்தான் அந்த விண்ணப்பம்; பதில் வரும்வரை நடக்க அதிகாரி தலையாட்டியிருந்தார். முதல் பதில் ஏப்ரல் 30: "பரிசீலனையில் உள்ளது." அதன் பிறகு மூச்சே இல்லை.

ஒருநாள் காலை, தடத்துக் கடிதங்களைப் பிரிக்கும்போது அவர் பெயருக்கே ஓர் உறை வந்தது.

"ஆள்தான் இங்கேயே நிக்கிறீங்களே, பிரிங்கம்மா!" என்றார் அதிகாரி.

"முகவரி வீட்டுக்குப் போட்டிருக்கு சார். என் வீடு கடைசி வீடு. முகவரிக்குப் போய்ச் சேராத தபாலை இருபத்தாறு வருஷத்துல நான் பிரிச்சதே இல்ல."

இருநூற்றுப் பதினோரு வீட்டுக்கும் அன்று தபால் பறந்தது. சின்னக் கடிதத்துக்குக் கூட, "நல்ல சேதிதான், நல்ல சேதிதான்!" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். தன் வீட்டு மணியை அழுத்திவிட்டு, "தபால்!" என்று கூவினார்.

"அண்ணி, உங்களுக்கென்ன கிறுக்கா?"

"கையெழுத்துப் போட்டு வாங்கு, சட்டப்படி!"

நாத்தனார் பிரித்துப் படித்தார். "சக்கரப் பையுடன் தற்போதைய தடத்திலேயே தொடரலாம்." இருவரும் நடுவாசலில் கைகோத்துக்கொண்டு சுற்றினார்கள்.

உறையின் பின்பக்கம் தபால்காரம்மாவே எழுதினார்: ஒப்படைத்தது ஜூன் 19, பிற்பகல் 2.40.