யாரும் அந்தப் பக்கம் திரும்பாதீங்க

'சனி. மலைமேல் பள்ளி மைதானம். போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம். பெட்டி இரண்டு, குழாய் இரண்டு, மைக் இரண்டு. வானம் தெளிவு. குழாயை அவிழ்க்கச் சொன்னார்கள், இன்னும் அவிழ்க்கவில்லை.'

போன வருடம் புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து நான் டைரியில் எழுதிய வரிகள் இவை. அதற்குக் கீழே பக்கம் முழுக்க அன்று காலியாகவே கிடந்தது. சாயங்காலம் டைரியைத் திறந்து வைத்தும் ஒரு வரிகூட ஓடவில்லை. அதற்குப் பயம் பாதிக் காரணம், சந்தோஷம் பாதிக் காரணம்.

ஆலங்காயம் பக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் தேதி, கிழமை, வானிலை மூன்றையும் எழுதி வைத்துவிடுவேன். கையில் கிடைக்கும் புத்தகத்தையெல்லாம் படிப்பேன். மேடையில் ஒருவர் வருடத்தைத் தப்பாகச் சொன்னால் பெட்டிக்குப் பின்னால் இருந்து பல்லைக் கடிப்பேன். அப்படிப்பட்டவன் இந்தச் சம்பவத்தின் தேதியையும் ஊர்ப் பெயரையும் இங்கே எழுதாமல் விடுகிறேன் என்றால், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரிந்துகொள்ளுங்கள். ஓர் இளைஞனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது, அதற்காகத்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் எங்களுக்குக் கோயில் வேலை குவியும். அதை என் மச்சானிடம் தள்ளிவிட்டு, என்னுடைய 'குட்டி யானை' வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். கூப்பிட்டது அரசு சுகாதார நிலையத்து நர்ஸ். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டவர். அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. கீழே கல்லூரியில் படிக்கும் பையன்கள் நாலைந்து பேர் தொண்டர்களாக வந்திருந்தார்கள். போலீஸ் தரப்பில் பேச ஒரு பெண் தலைமைக் காவலர், நாங்கள் ஏட்டம்மா என்று சொல்கிறவர், ஜீப்பில் வந்து இறங்கினார்.

இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது புளியமரத்து உச்சியில் நான் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை.

"இன்னா மைக் செட்டு, குழாய் கட்டக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குதே. உனக்குத் தனியா வந்து சொல்லணுமா?"

"மேடம், இது மலைங்க. இங்க யாருக்குத் தொந்தரவு? கரடிக்கா?"

"கரடி வந்து கம்ப்ளெயின்ட் குடுத்தா நான் எடுத்துதான்யா ஆவணும். கூட்டம் முடியறதுக்குள்ள அவுத்துடு."

"சரிங்க மேடம்" என்றேன். ஏறிக் கட்டியதிலேயே முழங்கால் வலித்தது. குழாய்க்குப் போகிற கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, கீழே இருந்த பெட்டிகளில் சத்தத்தை விட்டேன். மரம் ஏறுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டைரியை எடுத்தேன்.

கூட்டம் எப்போதும்போலத்தான் தொடங்கியது. தலைமையாசிரியர் பேசினார். ஏட்டம்மா நன்றாகப் பேசினார். கஞ்சா, மாத்திரை என்று கையில் வைத்திருந்தால் என்ன பிரிவு, எத்தனை வருடம் உள்ளே என்று அடுக்கினார். பிள்ளைகள் கப்சிப்பென்று இருந்தார்கள். அடுத்து சிஸ்டர் வந்தார். அவருக்குப் பேச்சைவிடச் செயல்முறைதான் பிடிக்கும். மைதானத்தின் நடுவே ஜமுக்காளத்தை விரித்தார். கல்லூரிப் பையன்களில் இருப்பதிலேயே குண்டான ஒருவனைப் படுக்கச் சொன்னார். அவன் கொர் கொர்ரென்று குறட்டை விட்டு நடித்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. ஆனா நல்லா பாத்துக்குங்க" என்றார் சிஸ்டர். "தண்ணிப் பழக்கம், மாத்திரைப் பழக்கம் இருக்கறவன் கூப்ட்டா முழிக்காம இப்டி குறட்டை வுட்டான்னா, அது தூக்கம் இல்ல. மூச்சுக்கு வழி இல்லாம அடைக்குது. வாயில தண்ணி, மோர் எதுவும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சிட்டு 108க்குப் போன் பண்ணுங்க."

குண்டுப் பையனைப் புரட்டிக் காட்ட இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டார். மறுபடி ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பாள்.

"சிஸ்டர், குறட்டை வந்தா நல்லா தூங்கறான்னு தானே அர்த்தம்? எழுப்பாதன்னு சொல்றாங்களே?"

"யாரு கண்ணு சொன்னது?"

"எங்கம்மா."

"எப்போ சொன்னாங்க?"

அவள் ஏட்டம்மாவின் காக்கி உடுப்பைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரை மட்டும் பார்த்துச் சொன்னாள். "காலைல. எங்கண்ணன் இன்னும் முழிக்கல."

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் பேசுவதை என் மைக் கேட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் கையில் மைக்கே இல்லை. ஆனாலும் மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் அது கேட்டது.

சிஸ்டர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அந்தப் பெண் முன்னால், சிஸ்டர் பின்னால், அவர்களுக்குப் பின்னால் ஏட்டம்மாவும் கல்லூரிப் பையன்களும். நான் ஏன் ஓடினேன் என்று தெரியாது. கையில் ஒயர்ச் சுருளோடு நானும் ஓடினேன். பள்ளிக்குப் பின்னால் சாமைக் கொல்லை. அதைத் தாண்டினால் வீடு. உள்ளே அம்மா சொம்பில் மோரோடு மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அந்தச் சொம்பைப் பிடுங்கி வாசலில் வீசியது இப்போதும் என் கண் முன்னால் நிற்கிறது.

இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. மல்லாந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு குறட்டை வரும். அடுத்தது வருமா என்று எல்லோரும் காத்திருக்க வேண்டும். சிஸ்டர் சற்றுமுன் செய்து காட்டியபடியே அவனை ஒருக்களித்து, தாடையை மேலே தூக்கிப் பிடித்தார். மூச்சின் சத்தம் கொஞ்சம் மாறியது. ஜமுக்காளத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர் ஒருவர் 108க்குச் சொல்ல பைக்கில் பறந்தார். அந்த ஊரில் டவர் கிடைக்க வேண்டுமென்றால் ஒரு பாறைமேல் ஏற வேண்டும்.

"இன்னாம்மா போட்டான் இவன்? மாத்திரையா? இன்னா மாத்திரை?" என்று சிஸ்டர் கேட்டார்.

அம்மாவுக்குத் தெரியவில்லை. "ரெண்டு பசங்க வெடிகாலைல தாங்கினு வந்து வுட்டாங்க. இங்கதான் இவன் பக்கத்துல குந்தினு இருந்தானுங்க. ஜீப்பு சத்தம் கேட்டதும் காட்டுப் பக்கம் ஓடிட்டானுங்க."

ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஜீப் எங்கள் கூட்டத்துக்கு வந்த ஜீப். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த ஜீப்பைப் பார்த்துத்தான், அவன் என்ன போட்டான் என்று தெரிந்த இரண்டு பேரும் ஓடியிருக்கிறார்கள்.

அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மைக் செட்டு, குழாய அவுத்துட்டியா?"

"இல்லீங்க மேடம், இன்னும்..."

"நல்ல வேல பண்ணய்யா! வா, சத்தத்த ஏத்து!"

திரும்ப ஓட்டம். கம்பியைக் குழாய்க்கு மாற்றினேன். இரண்டு குழாயும் மலைச்சரிவைப் பார்த்துத்தான் இருந்தன. ஆம்ப்ளிபயரைக் கடைசிவரை திருகினேன். ஏட்டம்மா மைக்கை வாயருகில் வைத்தார். ஜெயில், பிரிவு என்று முன்பு பேசிய அதே குரல்தானா என்று இருந்தது.

"தம்பிங்களா, காட்ல இருக்கற தம்பிங்களா. நான் போலீஸ் ஏட்டம்மா பேசறேன். காலைல ஜீப்புல வந்தது நான்தான். உங்களப் புடிக்க வரல, ஸ்கூல் புள்ளைங்க கிட்ட பேச வந்தேன். உங்க கூட்டாளிக்கு மூச்சு கம்மியாயினு இருக்குது. அவன் இன்னா போட்டான்னு தெரிஞ்சா டாக்டரு ஒடனே வைத்தியம் பாப்பாரு. நீங்க வர வேணாம். பேரு சொல்ல வேணாம். அந்த மாத்திர அட்டைய மட்டும் கொண்டாந்து போடுங்க. யாரு போட்டதுன்னு நான் கேக்க மாட்டேன். எம் புள்ள மேல சத்தியம்."

எதிர்மலையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. காட்டில் ஓர் அசைவும் இல்லை. இதற்குள் பையனை ஜமுக்காளத்தோடு தூக்கி வந்து ஜீப்பின் பின்னால் கிடத்தினார்கள். சிஸ்டர் ஏறி அவன் தலையை மடியில் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை காத்திருக்காமல் இறங்கிப் போய் வழியிலேயே மாற்றிக்கொள்வது என்று முடிவு.

அப்போது ஏட்டம்மா செய்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மைக்கில் சொன்னார்: "இப்போ இங்க இருக்கற எல்லாரும் காட்டுக்கு முதுக காட்டினு நிக்கப் போறோம். ஒருத்தரும் பாக்க மாட்டோம்."

மைதானத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து பள்ளிச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். ஆசிரியர்கள், தலைமையாசிரியர், ஜீப் டிரைவர், அந்த அம்மா, அந்தப் பெண் என எல்லோரும் திரும்பினார்கள். கடைசியாக ஏட்டம்மாவும் திரும்பி நின்றார். நான் சுவரில் எழுதியிருந்த திருக்குறளை வெறித்துக்கொண்டு நின்றேன். எந்தக் குறள் என்று இப்போது நினைவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

தொப்பென்று ஒரு சத்தம்.

குண்டுப் பையன் சட்டென்று கழுத்தைத் திருப்பப் போனான். "யாரும் அந்தப் பக்கம் திரும்பாதீங்க!" என்று ஏட்டம்மா அலறியது குழாய் வழியாக மலை முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே பின்புறமாக நடந்துபோய், கீழே குனிந்து எடுத்தார். ஒரு கல். அதைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, காலியான வலி மாத்திரை அட்டை ஒன்று.

பிள்ளைகள் போட்ட சத்தம் இருக்கிறதே! எந்தத் திருவிழாவிலும் என் பெட்டிகள் அப்படி அதிர்ந்ததில்லை.

அட்டை சிஸ்டர் கைக்குப் போனதும் ஜீப் கிளம்பியது. அம்மாவையும் அந்தப் பெண்ணையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே நானும் இறங்கினேன். சாமான்களைப் பற்றி நினைக்கவே இல்லை. அந்த வளைவுகளில் அவ்வளவு வேகமாக நான் ஓட்டியதில்லை; இனியும் ஓட்டக்கூடாது. டவர் கிடைத்ததும் சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு மாத்திரைப் பெயரைச் சொல்லிவிட்டார். பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அவனை உள்ளே ஏற்றி ஆக்சிஜன் வைத்தபோது அந்தப் பெண் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நான் போலீஸ் எதிர்ல சொல்லிட்டேன்னு எங்கண்ணன் திட்டுவானா?" என்று கேட்டாள்.

"திட்டட்டும்மா. திட்டறதுக்கு மூச்சு வேணும்ல?" என்றேன். அவள் சிரித்தபடியே அழுதாள்.

அவன் பிழைத்தான். அடுத்த வாரம் வீடு திரும்பினான். இப்போது சிகிச்சைக்கு ஒழுங்காகப் போய் வருகிறான் என்று சிஸ்டர் சொல்கிறார். தங்கையைத் திட்டவும் செய்கிறானாம், டி.வி. ரிமோட்டுக்காக.

எங்கள் கூட்டங்கள் தொடர்கின்றன, ஆனால் முறை மாறிவிட்டது. ஜீப் அடிவாரத்திலேயே நின்றுவிடும். ஏட்டம்மா என் குட்டி யானையில், சிஸ்டரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார். முதலில் ஜமுக்காளம், பேச்செல்லாம் அப்புறம். ஏட்டம்மாவின் பேச்சில் சட்டப் பிரிவுகள் கடைசிக்குப் போய்விட்டன. முதல் வரி இதுதான்: "யாராவது மூச்சு வுட முடியாம கெடந்தா, வுட்டுட்டு ஓடாதீங்க, கூப்புடுங்க." சில கூட்டங்களில் குண்டுப் பையனைப் புரட்டிக் காட்டுவது அந்தத் தங்கைதான். போன முறை ஏட்டம்மா மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கய்யா குழாய்?" என்றார். "ஆர்டர் இருக்குதுங்களே மேடம்" என்றேன். "ஆமாமா, கரடி தூங்கட்டும்" என்று சிரித்தார்.

டைரியில் காலியாக இருந்த பக்கத்தைப் பிறகு விசாரித்து விசாரித்து நிரப்பினேன். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அந்தக் கல்லை எறிந்தது யார்? ஓடிப்போன இரண்டு பையன்களும் பின்னால் தாங்களாகவே சிஸ்டரிடம் வந்து பேசினார்கள். இவன், "நான் இல்லீங்க, அவன்தான் போட்டான்" என்கிறான். அவன், "நான் இன்னும் மேல ஒளிஞ்சினு இருந்தேன், இவன்தான்" என்கிறான். ஏட்டம்மா கொடுத்த சத்தியப்படி இன்றுவரை கேட்கவில்லை. மூன்றாவதாக ஓர் ஆள் இருந்திருக்கலாம் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆகவே அந்த வரியில், 'கல்லை எறிந்தவர்: உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அங்கே இருந்த அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றதால் அதற்குச் சாட்சி என்று ஒருவரும் கிடையாது. என் டைரியில் நிரம்பாமல் கிடக்கும் வரிகளில், பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் தருவது இது ஒன்றுதான்.