பாண் வண்டியின் மெட்டு

"நிப்பாட்டாதீங்க மாஸ்டர், ஊதுங்க. சந்தி வருது," என்றார் மஸாஹிர். முச்சக்கர வண்டி மண் ஒழுங்கைக்குள் திரும்பியது.

பாண் பெட்டிக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருந்த கில்பட், ரெக்கோடர் குழலின் எச்சிலை உதறிவிட்டு மறுபடி ஊதினார்.

"என்ன மெட்டு இது? மையத்து வீட்டுக்குப் போற மாதிரி."

"முந்நூறு வருசப் பழசு. திருநாள் பூசைக்குப் பழகிறன்."

"வீட்டுல பழக ஏலாதா?"

"டொறத்தி விடமாட்டா."

டொறத்தி கில்பட்டின் மனைவி. வேலிகளுக்குள்ளிருந்து பெண்கள் பைகளோடு வந்தார்கள். மஸாஹிர் இறங்கிப் பாண் விற்றார். வண்டியும் பேக்கரியும் அவருடையவை.

கில்பட் எத்தாளையில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய சங்கீதத்துக்கு ரெக்கோடர்தான் கொடுத்தார்கள். மற்றவர்கள் பரீட்சையோடு அதைக் கைவிட்டார்கள். வயலினைக் கொழும்பில் கற்றார். அங்கே கொஞ்சக் காலம் ஓர் இசைக்குழுவில் பின்வரிசை. பிறகு தற்காலிக ஆசிரியர். பிறகு இத்தாலி. கிழமை நாட்களில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டினார், ஞாயிறுகளில் ஒரு தேவாலயத்தில் வாசித்தார். கிழவர் இறந்ததும் ஊருக்கு வந்தார். கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் இராச்சாப்பாட்டு நேரம் வாசித்தார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கிய வெள்ளைக்காரர்கள் களைத்துப்போய் மேசையிலேயே தூங்கினார்கள். முதலாளி அதை வாசிப்பின் குறையாக எடுத்துக்கொண்டார். பாண் வண்டிகளின் ஒலிபெருக்கிகளைப் பற்றி முறைப்பாடு எழுந்த வருடம், அதற்குப் பதிலாக வண்டியிலிருந்து ஊத மஸாஹிர் அவரைக் கூப்பிட்டார்.

கில்பட்டுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கோயில் பாடகர் குழுவில் வயலின், ஒவ்வொரு ஞாயிறும். குழுவை நடத்திய றோசமேரி இழுத்தடித்தாள்.

"கோவிக்காதீங்க அண்ணன். பாண்காரர் வந்து நிண்டா சனம் சிரிக்கும்."

"கேட்டுப்போட்டுச் சிரிக்கட்டும்."

"சரி, திருநாளில நற்கருணை நேரம் ஒண்டு வாசியுங்க. சிரிச்சா பிறகு என்னட்ட வரப்படாது."

அதனால்தான் அந்த மெட்டு. ஒவ்வொரு காலையும் ஒழுங்கை ஒழுங்கையாக அதையே ஊதினார். மூச்சு எங்கே விடுவது என்று தெரிந்துவிட்டால் வில் தானாக வரும் என்று நம்பினார்.

திருநாள் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. பாதர் நற்கருணையோடு படியிறங்கினார். கில்பட் வயலினைத் தோளில் வைத்தார்.

முதல் அடியிலேயே சனம் எழுந்தது. சில பெண்கள் பாண் காசுக்குக் கைப்பையைத் திறந்தார்கள். பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார். ஆகவே எல்லோரும் வரிசையில் சேர்ந்தார்கள். பழைய பாதரோடு சண்டை பிடித்ததிலிருந்து நற்கருணை எடுக்காத பஸ்தியானும் வரிசையில் நின்றார்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"தெரியா. எழும்பிட்டன்."

அப்பம் போதவில்லை. பாதர் பாதியாகவும் காலாகவும் உடைத்துக் கொடுத்தார். வரிசை முடியும்வரை கில்பட் மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பாதர் ஊருக்குப் புதியவர். அவருடைய பங்களாவில் காலையில் இடியப்பம்தான், பாண் வண்டி அங்கே நிற்பதில்லை. அவர் பூசை முடிந்து வந்து கில்பட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சனத்தைத் தொட்டிட்டீங்கள். ஒவ்வொரு ஞாயிறும் இதையே வாசியுங்கோ."

அவர் போகும்வரை றோசமேரி காத்திருந்தாள்.

"வயலின் உங்களுக்குத்தான் அண்ணன். ஆனா அந்த மெட்டை இனி றோட்டில ஊதப்படாது."

"ஏன்?"

"நானும் பேர்ஸைத் திறந்தனான்."

கில்பட் தலையாட்டி ஓம் என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. கில்பட் வேறொரு மெட்டை ஊதினார். முந்தியதைவிட வேகமானது. ஒழுங்கைகளில் ஒருவரும் வெளியே வரவில்லை. ஒரு லொறிக்காரன் பாலாவிக்கு வழி கேட்டான். மஸாஹிர் சொல்லிக்கொடுத்தார். பாணில் பெரும்பகுதி பேக்கரிக்குத் திரும்பி வந்தது. மஸாஹிர் அதைத் துண்டு துண்டாக வெட்டினார், கில்பட் தட்டுகளில் அடுக்கினார். ரஸ்க் போட்டார்கள். பின்னேரம் மழை பெய்தது.